பாரதி காதில் விழுந்த தெரு: ஏற்றப்பாட்டும் ஜரிகைக்காரர் குரலும் சங்கீதமான கதை

ஏரல் பேருந்து நிலையத்தில் காலை நேரம். கண்டக்டர் ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கி, கடைசி ஊரை மட்டும் இழுத்து விடுகிறார். டீக்கடையில் கிளாஸுக்குள் கரண்டி சுற்றுகிறது. பூக்காரம்மா முழம் கணக்குச் சொல்கிறார். எங்கோ ஒரு கடையின் ஷட்டர் கடகடவென்று மேலே ஏறுகிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாதிப் பேர் காதில் இயர்பட்ஸ். வெளியே கேட்பது சத்தம், உள்ளே கேட்பது இசை. நாம் பிரித்துவைத்திருப்பது இப்படித்தான்.

அங்கிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால், தாமிரபரணியின் வாழையும் நெல்லும் முடிந்து கரிசல் மண் வந்துவிடும். அந்த மண்ணில் எட்டயபுரம் இருக்கிறது. அங்கே பிறந்த ஒருவர் இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொள்ளவே இல்லை. தெருவில் கூவிக்கொண்டு போகிற வியாபாரியின் குரலையும் வீணையையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். அதை ரசனையாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், தன் பாட்டுகளையே அந்தத் தெருவின் மெட்டுகளில் எழுதினார்.

சுப்பிரமணிய பாரதி. சுதந்திரப் பாட்டு, பெண் விடுதலை, முண்டாசு, மீசை என்று நமக்குத் தெரிந்த பாரதிக்குள் கூர்மையான இரண்டு காதுகள் இருந்தன. இது அந்தக் காதுகளின் கதை.

விளையாடப் போகாத பையன்

1882 டிசம்பர் 11-ல் பிறந்தார். அப்பா சின்னசாமி ஐயர் எட்டயபுரம் ஜமீனில் செல்வாக்கு உள்ளவர். இயந்திரங்கள் மேல் ஆசை உள்ளவர். அம்மா லட்சுமி அம்மாள், பையனுக்கு ஐந்து வயதாகும்போதே இறந்துபோனார். மகன் கணக்கும் இங்கிலீஷும் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்பது அப்பாவின் கனவு. அதனால் தெருவில் விளையாடத் தடை.

பின்னாளில் தன் இளமையைப் பாட்டாக எழுதியபோது, ஊர்ப் பையன்கள் ஓடியாடி மரம் ஏறிக்கொண்டிருக்க, அப்பாவுக்குப் பயந்து தான் மட்டும் துணையில்லாமல் இருந்ததை பாரதி மறக்காமல் குறிப்பிட்டார். அந்தத் தனிமைதான் அவரது காதைத் தீட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் திண்ணையைத் தாண்டிப் போகக் கூடாத ஒரு குழந்தைக்குத் தெரு எப்படி வந்து சேரும்? பெரும்பாலும் சத்தமாகத்தான்.

11 வயதில் எட்டயபுரத்துப் புலவர்கள் சபையில் ‘பாரதி’ பட்டம். 1897-ல் கடையத்துச் செல்லம்மாவோடு கல்யாணம். அப்பா எட்டயபுரத்தில் தொடங்கிய பஞ்சாலைத் தொழில் நொடித்துப்போய், 1898-ல் அவரும் காலமானார். பிறகு காசியில் அத்தை வீட்டில், கங்கைக் கரையில் சில வருடங்கள். திரும்பி வந்து கொஞ்ச காலம் ஜமீன் வேலை. 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் வாத்தியார். அதே வருடக் கடைசியில் சென்னை, ‘சுதேசமித்திரன்’ பத்திரிகை. இந்த ஓட்டமெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நமக்கு வேண்டிய இடம் 1908-ல் தொடங்குகிறது.

அந்த வருடம் மார்ச்சில் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதானார். பாரதி நடத்திவந்த ‘இந்தியா’ பத்திரிகை மீதும் அரசின் பார்வை விழுந்தது. கைது நெருங்கவும், பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்து வருடம் அங்கேதான். பத்திரிகை நின்றது, வருமானம் நின்றது, வாசலில் பிரிட்டிஷ் உளவாளிகள் நின்றார்கள். ஊருக்குப் போக முடியாத மனிதருக்குத் தெருவும், கடற்கரையும், ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பும் மிஞ்சின.

குயில் சொன்ன பட்டியல்

அந்தத் தோப்பில்தான் ‘குயில் பாட்டு’ உருவானது என்பார்கள். கதை வேடிக்கையானது. தோப்புக்கு வரும் கவிஞர் ஒரு குயிலின் குரலில் மயங்குகிறார். குயிலோ அவரிடம் காதல் பேசிவிட்டு, அடுத்த நாள் குரங்கிடமும் பிறகு மாட்டிடமும் அதே காதலைப் பேசுகிறது. முன்ஜென்மக் கதையெல்லாம் வந்து, கடைசியில் எல்லாம் கனவு என்று முடியும்.

நடுவில், தன் மனதைப் பறித்த இசைகள் எவை என்று குயில் ஒரு பட்டியல் தருகிறது. பறவைகளின் பாட்டு, காற்று, அருவி, கடலலை என்று எந்தக் கவிஞரும் சொல்லக்கூடியவற்றில் தொடங்குகிறது. அப்புறம்தான் விஷயம். ஏற்றம் இறைப்பவர் பாடுவது. நெல் குத்தும் பெண்களின் மூச்சொலி. சுண்ணாம்பு இடிப்பவர்களின் பாட்டு. வயலில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு. வளையல் ஒலிக்க வட்டமாகக் கும்மி அடிப்பது. இத்தனையும் சொல்லி முடித்த பிறகே புல்லாங்குழலும் வீணையும் வருகின்றன.

வரிசையைக் கவனியுங்கள். கச்சேரி வாத்தியங்கள் கடைசியில் நிற்கின்றன. அவற்றை பாரதி தாழ்த்தவில்லை, அவற்றுக்கும் குயில் மயங்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் மரியாதை வேலை செய்கிற கைகளுக்கு.

இந்தச் சத்தங்களில் பல இன்று நம் காதுக்கு எட்டாதவை. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஏற்றம் என்பது கிணற்றடியில் தராசு மாதிரி நிற்கும் நீண்ட மரம். மேலே ஒருவர் மரத்தின் மீதே முன்னும் பின்னும் நடப்பார். அவர் எடை மாற மாற, மரத்தின் முனையில் தொங்கும் சால் கிணற்றுக்குள் இறங்கி நீரோடு மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்க்க வேண்டும். ஒரு சாலுக்கு ஓர் அடி என்று பாட்டு போகும். எத்தனை சால் இறைத்தோம் என்பதற்குப் பாட்டுதான் கணக்குப் புத்தகம். பாட்டு தப்பினால் கணக்கு தப்பும். தாளம் தப்பினால் மரத்தின் மேல் நிற்பவர் கால் தப்பும்.

நெல் குத்துவதும் அப்படித்தான். ஒரே உரலில் எதிரெதிரே இரண்டு பெண்கள். ஒருவர் உலக்கை மேலே போகும்போது மற்றவர் உலக்கை கீழே வர வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் வாயிலிருந்து வரும் மூச்சொலி, எதிரே நிற்பவருக்குச் சிக்னல். அது பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதும், இல்லையென்றால் கை போகும்.

சுண்ணாம்பு இடிப்பதைச் சிமெண்ட் வந்த பிறகு பிறந்தவர்கள் பார்த்திருக்க முடியாது. அந்தக் காலத்து மொட்டை மாடித் தளம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். எல்லோர் அடியும் ஒரே தாளத்தில் விழுந்தால் தளம் சீராக இறுகும். தாளத்தைப் பிடித்து வைப்பது பாட்டின் வேலை.

இந்த மூன்றிலுமே பாட்டும் ஒரு கருவிதான். துலா மாதிரி, உலக்கை மாதிரி. எட்டயபுரத்துப் பையன் இதைத் தூரத்திலிருந்து கேட்டிருப்பார். புதுச்சேரிக் கவிஞர் அதை இசை என்று எழுதிவைத்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிக் கேட்ட முதல் தமிழர் பாரதி இல்லை. சிலப்பதிகாரத்தில் உலக்கைப் பாட்டே இருக்கிறது, வள்ளைப்பாட்டு என்ற பெயரில். கோவலனும் கண்ணகியும் காவிரிக் கரையில் நடந்துபோகும் இடத்தில் இளங்கோ இன்னும் நுணுக்கமாக ஒரு வேலை செய்கிறார். ஆற்று நீர் தானாகப் பாயும் வயல்கள் என்பதால் அங்கே ஏற்றத்தின் சத்தமும் மற்ற நீர் இறைக்கும் கருவிகளின் சத்தமும் கேட்கவில்லை என்கிறார். அதற்குப் பதிலாக உழவர்களின் ஏர்ப் பாட்டும் களத்துப் பாட்டும் கேட்கின்றன. கேட்காத சத்தத்தை வைத்து ஊரின் செழிப்பைச் சொல்வது எவ்வளவு அழகு! ஏரல் மாதிரி ஆற்றங்கரை ஊர்களுக்கும் எட்டயபுரம் மாதிரி கிணற்றடி ஊர்களுக்கும் இருந்த வித்தியாசமும் அதுதான். தண்ணீர் எங்கே தானாக வரவில்லையோ, அங்கே மனிதர்கள் பாடி வரவழைத்தார்கள்.

பாம்பாட்டி, பிச்சைக் குழந்தைகள், ஜரிகைக்காரர்

பாரதி ‘வசன கவிதை’ என்று சிலவற்றை எழுதினார். யாப்பு இல்லை, எதுகை மோனைக் கட்டாயம் இல்லை, பேச்சு மாதிரி போகும். இன்றைய புதுக்கவிதைக்கு அதைத்தான் முன்னோடி என்பார்கள். அதில் ‘சக்தி’ என்ற பகுதியில் ஒரு தெருக்காட்சி வருகிறது.

ஒரு பாம்புப் பிடாரன் மகுடி ஊதுகிறான். பாரதி நின்று கேட்கிறார். இனிமையான இசை என்றாலே சோகம் இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்களே, இதில் சோகம் இல்லையே என்று முதலில் யோசிக்கிறார். ஒரு பண்டிதர் வாதம் செய்வது போல, சின்னச் சின்ன வாக்கியங்களாக அடுக்குவது போல இருக்கிறது என்கிறார். அந்தத் தத்தகாரத்தைக் காதில் விழுந்தபடி எழுதியும் காட்டுகிறார். ரெக்கார்டர் இல்லாத காலத்தில் ஒருவர் செய்யக்கூடிய ரெக்கார்டிங் அதுதான். பக்கத்தில் ஒரு குழந்தை அந்த மெட்டுக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு அர்த்தம் சொல்கிறது. அதையும் பதிவு செய்கிறார்.

பிறகு கேள்வி மாறுகிறது. இந்த இசை எங்கே பிறந்தது? குழலிலா, துளையிலா, மூச்சிலா, மனசிலா? அந்த நேரம் பார்த்துக் கழைக்கூத்தாடிக் குழந்தைகள் சில பிச்சைக்குக் கத்துகின்றன. மகுடியும் அந்தக் குழந்தைகளின் குரலும் ஒரே சுருதியில் இருக்கின்றன. யார் சேர்த்து வைத்தது என்று வியக்கிறார். அதற்குள் ஒரு ஜரிகை வியாபாரி கூவிக்கொண்டு போகிறார். அவரும் அதே சுருதி!

சுருதி என்பது பாட்டு நிற்கும் ஆதார அளவு. கச்சேரியில் தம்பூரா இடைவிடாமல் பிடித்துக் கொடுப்பது அதைத்தான். தெருவில் தம்பூரா கிடையாது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக் குரலைச் சரிசெய்துகொள்ளவும் இல்லை. ஆனாலும் சேர்ந்துவிட்டது. பாரதி இதற்குக் கண்ட விடை ஆன்மிகமானது: கருவிகள் பல, வாசிக்கும் சக்தி ஒன்று.

இதற்கு விஞ்ஞானம் சொல்லக்கூடிய விடை வேறு. மனிதக் காதுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் மிகத் துல்லியமாகக் கேட்கும். தெருவில் தொண்டையைப் பிழைப்பாக வைத்திருப்பவர்கள் குரலை உயர்த்தி, மூக்கில் கொஞ்சம் ஏற்றி, கடைசி எழுத்தை நீட்டிக் கூவுவது இரைச்சலைத் தாண்டிப் போகத்தான். எல்லோரும் ஒரே சிக்கலுக்கு விடை தேடினால் குரல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதில் ஆச்சரியம் குறைவு. எந்த விடையை எடுத்துக்கொண்டாலும் சரி, முதலில் ஒருவர் நின்று கேட்டிருக்க வேண்டும் இல்லையா?

அப்போ சபாவில் என்ன பிரச்சினை?

பாரதிக்கு சாஸ்திரிய சங்கீதம் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். தன் பாட்டுகள் பலவற்றின் தலைப்பில் ராகம், தாளம் குறித்தவர் அவர். அவருக்கு இருந்த கோபம் வேறு. ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையில் அதைக் கொட்டித் தீர்த்திருக்கிறார்.

எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதே நாலைந்து கீர்த்தனைகள். பாடுகிறவருக்கே அர்த்தம் தெரியாத மொழியில் பாட்டு. கேட்கிறவருக்கும் தெரியாது. சந்தோஷம், கோபம், வீரம், பயம் எல்லாமே ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஒன்பது ரசங்களில் ஒன்றுகூட வரவில்லை என்பது அவர் புகார். ஹார்மோனியத்தின் மேல் அவருக்குத் தனிக் கடுப்பு. கையில் கிடைத்தவரெல்லாம் அதை அழுத்தித் தள்ளுவதால் ஊரின் காதே கெட்டுப்போகிறது என்பது அவர் எண்ணம். (இதில் அவர் தனி ஆள் இல்லை. 1940-ல் அகில இந்திய வானொலியே ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் அது தளர்ந்தது. ஹார்மோனியம் இல்லாமல் நம்ம ஊர் நாடக மேடையும் சினிமா மெட்டும் இருந்திருக்குமா என்று கேட்டால், இந்த விஷயத்தில் பாரதி தோற்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.)

ஏற்றக்காரர் பாடும்போது ஏன் பாடுகிறார் என்று அவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். சபாவில் அது தொலைந்துவிட்டது. பாரதியின் தெருவிசைப் பற்றை இந்தக் கோபத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுசாகப் புரியும்.

மெட்டு கடன் வாங்கிய கவிஞர்

கேட்டதை என்ன செய்தார்? தன் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் கவிதைத் தொகுப்பைத் திறந்து, பாட்டை விட்டுவிட்டு, தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை மட்டும் படித்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த ‘அச்சமில்லை’ பாட்டுக்குக் கீழே பண்டாரப் பாட்டு என்று இருக்கும். வீடு வீடாகப் பாடிப் பிச்சை எடுக்கும் பண்டாரங்களின் பாணி அது. போலி தேசபக்தர்களைக் கிண்டல் செய்யும் ‘நடிப்புச் சுதேசிகள்’ கிளிக்கண்ணி. பெண் விடுதலைக்குப் பெண்களின் கும்மி. ‘எங்கள் தாய்’ பாட்டுக்கு, முருகன் கோயிலுக்குக் காவடி தூக்கிப் போகிறவர்கள் பாடும் காவடிச் சிந்து மெட்டு. அந்தச் சிந்துகளை எழுதிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரும் பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர்தான். ‘புதிய கோணங்கி’யில் விடிகாலையில் உடுக்கை ஆட்டி வரும் குடுகுடுப்பைக்காரரே வந்து நிற்கிறார். அவர் வழக்கமாக ஒரு வீட்டுக்குச் சொல்லும் நல்ல சேதியை, பாரதி ஒரு தேசத்துக்கே சொல்ல வைத்தார்.

‘பாஞ்சாலி சபதம்’ மகாபாரதக் கதை, காவியம். அதற்கு அவர் எடுத்தது நொண்டிச் சிந்து. திருடிப் பிடிபட்டுக் கால் இழந்த ஒருவன் தன் கதையைத் தானே பாடும் நொண்டி நாடகத்தின் சந்தம் அது. 1912-ல் முதல் பாகம் வெளிவந்தபோது, எளிய சொல், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு இவற்றில் காவியம் செய்வதுதான் இன்றைய தேவை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். பண்டிதர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திரௌபதியின் சபதம், நொண்டி நாடக மெட்டில்!

இதில் மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை நந்தன் சரித்திர மெட்டுகளில் நடந்தது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரம் அப்போது கதாகாலட்சேபங்களில் பிரபலம். சிதம்பரம் போக ஆசைப்பட்ட பண்ணையாள் நந்தனைப் பண்ணையார் திட்டி அடக்கும் பாட்டுகள் ஜனங்களுக்கு மனப்பாடம். பாரதி அப்படி ஒரு வசைப் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து, சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி திட்டுவதாக வார்த்தைகளை மாற்றினார். மெட்டைக் கேட்டதுமே ஆண்டை, அடிமை என்ற உறவு கேட்பவர் மனதில் வந்து உட்கார்ந்துவிடும். விளக்கமே வேண்டாம்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. திருநெல்வேலி கலெக்டர் வின்ச், வ.உ.சி.யை மிரட்டுவது போல ஒரு பாட்டு, வ.உ.சி. பதில் சொல்வது போல இன்னொரு பாட்டு எழுதினார். கலெக்டரின் பாட்டுக்கும் நந்தன் சரித்திர மெட்டுதான். கப்பல் விட்ட பிள்ளை, கோயிலுக்குப் போக ஆசைப்பட்ட நந்தனாக மாறிவிடுகிறார். கேட்பவர் யார் பக்கம் நிற்பார் என்பதை மெட்டே முடிவு செய்துவிடுகிறது.

இங்கேதான் பாரதியின் காது அரசியல் ஆகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த நாட்டில், அச்சுப் புத்தகம் போக முடியாத இடத்துக்கு மெட்டு போகும். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த மெட்டு இன்னும் வேகமாகப் போகும்.

எல்லாச் சத்தமும் சங்கீதமா?

ஒரு நெருடல் இருக்கிறது. அந்த ஜரிகைக்காரர் காட்சியில் பிச்சைக்குக் கத்திய குழந்தைகள் பசியில் கத்தினார்கள். அவர்கள் குரலில் சுருதியைக் கேட்பது சரிதானா? உச்சி வெயிலில் ஏற்றத்தின் மேல் நடந்தவருக்கு அது குயில் சொன்ன மாதிரி அமுதமாகவா இருந்திருக்கும்? திண்ணையில் உட்கார்ந்து ரசிப்பவருக்கும் உலக்கை பிடித்தவருக்கும் நடுவே தூரம் உண்டு. பாரதியின் வசன கவிதை அந்தத் தூரத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறது என்பது உண்மை.

ஆனால் அவருக்கு அது தெரியாமல் இல்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1903 முதல் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் அனுப்பப்பட்டார்கள். அங்கே பெண்கள் பட்ட கொடுமை பற்றிய செய்திகள் இங்கே வந்தன. ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டு அதைப் பற்றியது. அதில் பாரதி காற்றிடம் பேசுகிறார். அந்தப் பெண்கள் விம்மி அழும் குரலை நீ கேட்டிருப்பாயே என்று கேட்கிறார். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில், தன் காதுக்கு எட்டாத ஓர் அழுகையைக் கேட்க முயன்ற பாட்டு அது. அங்கே சுருதி பற்றிய பேச்சே இல்லை. ஆள் எடுப்பது 1910-களின் பின்பாதியில் நின்று, 1920-ல்தான் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாகின.

ஒரே காதுதான். ஜரிகைக்காரர் குரலில் இசையைக் கண்டதும், கரும்புத் தோட்டத்து அழுகையை அழுகையாகவே கேட்டதும்.

அதே ஆண்டுகளில் உலகம்

பாரதி புதுச்சேரித் தெருக்களைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவிலும் சிலருக்குக் காது திறந்தது. ஹங்கேரியின் பேலா பார்டோக் எடிசன் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக விவசாயிகளின் பாட்டைப் பதிவு செய்தார். இத்தாலியில் லுய்ஜி ருஸ்ஸோலோ 1913-ல், தொழிற்சாலை இரைச்சலும் டிராம் சத்தமும்தான் இனி இசை என்று அறிக்கை விட்டு, இரைச்சல் எழுப்பும் கருவிகளையே செய்தார். 1952-ல் அமெரிக்காவின் ஜான் கேஜ், பியானோ முன் ஒருவரை உட்காரவைத்து நாலரை நிமிடம் எதுவும் வாசிக்காமல் விட்டார். அரங்கில் தானாக எழுந்த சத்தமே அன்றைய கச்சேரி. 1970-களில் கனடாவின் மரே ஷேஃபர் ஊர்களின் ஒலிகளை ஆவணப்படுத்தும் வேலையைத் தொடங்கினார்.

ருஸ்ஸோலோவுக்கு இயந்திரம் வேண்டியிருந்தது, கேஜுக்கு அமைதி வேண்டியிருந்தது. பாரதிக்கு மனிதக் குரல் வேண்டியிருந்தது. அவர் பட்டியலில் வரும் ஏற்றம், உலக்கை, வளையல் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்.

பதிவாகாத குரல்

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தார் பாரதி. கடலூர் அருகே கைது, மூன்று வாரத்துக்கு மேல் சிறை, நிபந்தனைகளோடு விடுதலை. செல்லம்மாவின் ஊரான கடையத்தில் சுமார் இரண்டு வருடம். பணத்துக்கு அலைந்தார், புத்தகங்கள் போட முயன்றார், முடியவில்லை. 1920 கடைசியில் மீண்டும் சென்னை, மீண்டும் சுதேசமித்திரன். திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளிவிட்ட கதை தெரிந்ததே. அதிலிருந்து தேறினாலும், வயிற்றுக்கடுப்பு வந்து 1921 செப்டம்பர் 12 அதிகாலையில் இறந்தார். வயது 38. இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்களை எண்ணிவிடலாம்.

கூட இருந்தவர்கள் எழுதிய நினைவுகளில் பாரதி பாடிக்கொண்டே இருக்கிறார். கடற்கரையில், வீட்டுக்குள், ரயிலில், தெருவில், உரத்த குரலில். இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902-லேயே கல்கத்தாவில் தொடங்கிவிட்டது. ஆனால் பாரதியின் குரலைக் கேட்க நம்மிடம் ஒரு இசைத்தட்டுகூட இல்லை.

அதனால் அவர் பாட்டுகள் வேறு குரல்களில் நமக்கு வந்தன. 1947-ல் ‘நாம் இருவர்’ படத்துக்காக டி.கே.பட்டம்மாள் பாடியவை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கியது. சபா மேடைகளிலும் பாரதி பாட்டு வழக்கமானது, பெரும்பாலும் கச்சேரிக் கடைசியில், துக்கடாவாக. பிற்காலத்தில் அமைந்த பல மெட்டுகள் அருமையானவை. ஆனால் பண்டாரம் பாடிய மெட்டு எது, அதில் எதை பாரதி மாற்றினார் என்பது பல பாட்டுகளுக்கு இன்று யாருக்கும் தெரியாது.

எட்டயபுரத்தில் அவர் பிறந்த வீடும், கல்கி முயற்சியில் எழுந்து 1947-ல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் இருக்கின்றன. புதுச்சேரியில் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீடும் திருவல்லிக்கேணி வீடும் நினைவில்லங்கள். நாற்று நடுகிற இடத்தில் இயந்திரம் ஓடுகிறது, கிணற்றடியில் பம்புசெட். தளம் போட வரும் கான்கிரீட் மிக்சர் தன் பாட்டுக்குச் சுற்றுகிறது. ஜரிகைக்காரருக்குப் பதில் பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்க வருபவர் ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரலைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறார். ஊர் மாறினாலும் கடைசி எழுத்தை நீட்டும் அந்த இழுப்பு மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

பாரதி கவிதைப் பதிப்புகளில் ‘பண்டாரப் பாட்டு’ என்ற அந்தச் சின்ன எழுத்து இன்னும் இருக்கிறது. அந்தப் பண்டாரம் எந்தத் தெருவில் பாடினார், பெயர் என்ன என்று மட்டும் எதிலும் இல்லை.